முகம் தெரியாது என்றேன்

ஜூன் 3, செவ்வாய்

குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. கார்ப்பரேஷன் ஆளுக்குப் போன் போட்டால், "நாளைக்கு வந்துரும் மேடம்" என்கிறான். எந்த நாளைக்கு என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

போகட்டும். இன்று மனசு நன்றாக இருக்கிறது. செய்தி என்று வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒன்று எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கையில் வந்திருக்கிறது. பத்திரிகையில் நிருபராக இருந்தவரை இப்படி அடிக்கடி கிடைக்கும். திண்டுக்கல் பதிப்பை மூடி எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஃபிளெக்ஸ் கடை மாடியில் நடக்கும் இந்த யூடியூப் சேனலில் வந்து விழுந்தேன். வந்ததிலிருந்து என்ன செய்திருக்கிறேன்? பரோட்டாவில் பல்லி. பாம்புக்கு முத்தம் கொடுத்த ஆசாமி. மாமியார் மருமகள் சண்டை, அதிர்ச்சி வீடியோ. தலைப்பு எழுதும்போதே என் மேல் எனக்கே எரிச்சல் வரும்.

நேற்று ஒரு போன். "முன்ன பேப்பர்ல எழுதுவீகளே, சகாயமேரி, அவுகதானா?" என்றது ஒரு பெண் குரல். ஆமாம் என்றேன். இன்று ஷிப்ட் முடிந்ததும் நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஊருக்கு வெளியே உள்ள ஸ்பின்னிங் மில்லில் வேலை. பெயரை இந்த டைரியில்கூட எழுதப் போவதில்லை. அதுதான் முறை.

விஷயம் இது. அபிநயா என்று பத்தொன்பது வயசுப் பிள்ளை. ஓடுகிற மெஷினில் அடைத்த பஞ்சைக் கையால் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தினால் புரொடக்‌ஷன் போய்விடுமாம். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. மில் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், பைக்கிலிருந்து விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். மில்லுக்குள் நடந்தது என்று ஆனால்தான் அந்தப் பிள்ளைக்கு நஷ்ட ஈடும் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. ரோட்டில் விழுந்தால் ஒன்றும் கிடையாது.

"நான் பக்கத்துலதான்க்கா நின்னேன். அந்தப் புள்ள கத்துனது இன்னும் காதுல இருக்கு. வேன் ஓட்டிக்கிட்டுப் போனது எங்க வீட்டுக்காரருதான். வாயத் தொறக்கக் கூடாதுன்னு அவுகளுக்கு உத்தரவு. நான் இங்க வந்தது அவுகளுக்குத் தெரியாது."

சமையலறைச் சுவர் ஓரம் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தேன். முகம் தெரியுமா, முகம் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "முகம் தெரியாது. குரலையும் மாத்திருவோம். உங்க வீட்டுக்காரரே பாத்தாலும் கண்டுபிடிக்க மாட்டாரு" என்றேன். மாதா படத்தைக் காட்டிச் சத்தியம் செய்யச் சொன்னாள். அதெல்லாம் மாட்டேன், என் தொழில் மேல் சொல்கிறேன் என்றேன். அதை நம்பித்தான் அழுதுகொண்டே பேசினாள்.

ஜூன் 4, புதன்

சேனலுக்கும் கீழே உள்ள ஃபிளெக்ஸ் கடைக்கும் ஓனரான ராஜரத்தினம் சாருக்குச் செய்தி பிடித்துவிட்டது. ஆனால் அவருக்கு முகம் வேண்டுமாம்.

"ஆளு யாருன்னே தெரியாம நான் எப்படிப் போடுறது மேடம்? நாளைக்குக் கேஸுன்னு வந்தா நான்ல கோர்ட்டுல போயி நிக்கணும்?"

அவர் கேட்பதும் நியாயம்தான். எங்கள் பத்திரிகையிலும் செய்தி சொன்னவர் யார் என்று ஆசிரியருக்கு மட்டும் சொல்வோம். ஆகவே எடிட்டர் சுந்தரவேலு இரண்டு ஃபைல் போட்டுவிட்டான். முகத்தோடு ஒன்று ஓனர் பார்க்க, முகம் மறைத்தது ஒன்று ஊர் பார்க்க. அவன் கல்யாண வீடியோ மிக்ஸிங்கிலிருந்து வந்தவன். "பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ள வீட்டுக்கு ஒண்ணுன்னு போட்டே பழகிப்போச்சு மேடம்" என்று சிரித்தான். ஒன்றுக்கு 'மில் ஃபைனல்' என்று பெயர், இன்னொன்றுக்கு 'மில் ஃபைனல் 2'. நானும் சிரித்தேன். எங்கள் ஆபீஸில் ஃபைனலுக்கு முடிவே கிடையாது.

நாளை மில்லின் எச்.ஆருக்குக் கேள்வி அனுப்பி, அவர்கள் தரப்பையும் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை போடுவதாக முடிவு. இரு தரப்பும் இல்லாத செய்தியில் என் பெயர் வந்ததில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். பாதி சொத்தை.

ஜூன் 5, வியாழன்

வீடியோ மதியமே போய்விட்டது. இப்போது எழுத முடியவில்லை. சுந்தரவேலு இப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவே இல்லை. மாதாவே.

ஜூன் 6, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு பேஸ்புக் பக்கத்துக்காரன் 'மில்லில் நடந்தது என்ன? விரைவில்' என்று போட்டிருந்தான். எவன் வாயிலிருந்து அவனுக்குப் போனதோ தெரியவில்லை. ராஜரத்தினம் சார் போனில், "என்ன மேடம், நம்மள முந்திட்டானா?" என்றார். முந்திட்டானா என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். எச்.ஆருக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பியாயிற்று. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. எத்தனை நேரம்தான் காத்திருப்பது? ஒரு டீ குடிக்கிற நேரம் பார்த்தேன். 'விளக்கம் கேட்டோம், பதில் அளிக்கவில்லை' என்று சேர்த்தாயிற்று. வீடியோ ஏறியது. லிங்க்கை எல்லா குரூப்பிலும் தட்டிவிட்டேன்.

மாவட்ட நிருபர்கள் குரூப்பில்தான் கவனித்தேன். லிங்க்குக்கு மேலே தானாக ஒரு சின்னப் படம் வந்து நிற்குமே, அதில் அந்த அம்மாள். முழு முகம். முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள்.

ஓடிப்போய் வீடியோவை எடுத்துவிட்டோம். எடுத்து என்ன? வீடியோ போனாலும் லிங்க்கோடு போன படம் போகாது. நான் அனுப்பியதையெல்லாம் ஒவ்வொரு குரூப்பாகத் தேடி அழித்தேன். அதற்குள் யாரோ வேறு குரூப்புக்குத் தள்ளிவிட்டான், எவனோ வீடியோவையே இறக்கி வைத்திருக்கிறான். நிருபர்கள் குரூப்பில் மில் எச்.ஆரும் இருக்கிறார். விளம்பரம் தருகிறவர் என்று நாங்களே கும்பிட்டுச் சேர்த்த ஆள்தான்.

மறைக்காத ஃபைலை எல்லாரும் கை வைக்கிற ஃபோல்டரில் போட்டு வைப்பானா ஒருத்தன்? கல்யாணத்தில் தாலி கட்டுகிற இடத்தில் பூ விழுகிற மாதிரி எஃபெக்ட் போட்டவனை நியூஸில் உட்காரவைத்தால் இப்படித்தான் ஆகும். நேற்றே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டேன். அவன் பதிலே பேசவில்லை. தப்பு செய்தவன் என்ன பேசுவான்?

சாயங்காலம் முகம் மறைத்த வீடியோவைப் போட்டோம். பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. 'யாரந்தப் பெண்' என்று கேட்டவர்களுக்குக் கீழேயே அந்தப் படத்தை ஒட்டிப் பதில் சொல்கிறார்கள். ராஜரத்தினம் சார் கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மை அனுப்பினார்.

ஜூன் 8, ஞாயிறு

பூசையில் இருக்கும்போது போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள்தான். பூசை நேரத்தில் எப்படி எடுப்பது? முடிந்த பிறகும் கோயில் வாசலில் எல்லாரிடமும் நின்று பேசிவிட்டுத்தான் எடுத்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து மில்லு கேட்டுலயே நிப்பாட்டிட்டாகக்கா. உள்ள விடல."

"அப்படியா" என்றேன்.

"அது பரவாயில்லக்கா. எங்க வீட்டுக்காரரு எங்கூடப் பேச மாட்டேங்குறாரு. அவுக தங்கச்சி, கொழுந்தன் எல்லாம் வந்து உக்காந்துருக்காக. நான் காசு வாங்கிக்கிட்டு, மொகத்தக் காட்டியே பேசுறேன்னு ஒத்துக்கிட்டேன்னு நெனைக்கிறாக. நீங்க ஒரு வார்த்த போடுங்கக்கா. மொகம் தெரிஞ்சது உங்க தப்புன்னு. நான் பொய் சொல்லலன்னு. அம்புட்டுத்தான். எனக்கு வேற எதுவும் வேணாம்."

போடுகிறேன் என்றேன். போடத்தான் நினைத்தேன், ஆண்டவர் அறிய.

ஊர் முழுக்கத் தெரிந்த பெயரை இந்த டைரியில் மட்டும் மறைத்து என்ன கிழிக்கப் போகிறேன்? பஞ்சவர்ணம். வீட்டுக்காரர் பெயர் தங்கவேல்.

ஜூன் 10, செவ்வாய்

ராஜரத்தினம் சாரிடம் கேட்டேன். திருத்தம் என்று ஒரு சின்ன கார்டு, அதில் இரண்டு வரி. எங்கள் தொழில்நுட்பக் கவனக்குறைவால் அவர் முகம் வெளியானது, அவர் சொன்ன தகவலில் நாங்கள் உறுதியாக நிற்கிறோம். எழுதியே கொண்டுபோயிருந்தேன்.

"மேடம், விவரம் புரியாமப் பேசுறீங்களே. தப்புன்னு நம்ம வாயாலயே சொன்னா, நாளைக்கு எவன் நம்மள நம்பி பேட்டி குடுப்பான்?"

"இப்ப மட்டும் எவன் சார் குடுப்பான்?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, யாரு அதை அப்லோட் பண்ணுனது? அதச் சொல்லுங்க முதல்ல."

அறையில் நான், அவர், சுந்தரவேலு மூன்று பேர்தான். சுந்தரவேலு என்னைப் பார்த்தான். அந்த நேரத்தில்தானா எனக்குப் போன் வர வேண்டும்? பேங்க்கிலிருந்து, லோன் வேண்டுமா என்று. நான் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். வரும்போது சுந்தரவேலு ஹெட்போனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

படிக்கட்டில் நின்று, "சாப்பிடப் போறப்ப சொல்லிட்டுத்தான போனேன் மேடம், ஃபைனல் ரெண்டத்தான் போடணும்னு?" என்றான்.

சொன்னான் என்கிறான். எனக்கு ஞாபகம் இல்லை. அந்த நேரத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்கிறார்கள். தெளிவாகப் பெயர் வைத்திருந்தால் யார் எடுத்தாலும் சரியானதைத்தானே எடுத்திருப்பார்கள்? அவனுக்கு வேலைக்குப் பஞ்சமா, ஆவணி பிறந்தால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வீடியோ உண்டு.

ராத்திரி சாப்பிடவில்லை. கத்தரிக்காய்க் குழம்பைக் கொட்டினேன்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் ஞானத்தின் அண்ணன் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. அண்ணி இலையில் உட்கார்ந்ததும் போனை நீட்டி, "மேரி, இது ஒங்க டிவில வந்த பொம்பளதான?" என்றாள்.

பார்த்தேன். அந்தப் பேஸ்புக் பக்கத்துக்காரன்தான். அபிநயாவின் அப்பா பேசுகிறார். சட்டை புதுசு. "எம் மக பைக்ல இருந்துதாங்க விழுந்தா. மில்லுல நல்லாப் பாத்துக்கிட்டாக. அந்தப் பொம்பள எதுக்கு இப்படிச் சொல்லுதுன்னு எனக்குத் தெரியலீங்க." அவர் கண் கேமராவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்துப் பார்த்துப் பேசுகிறார். திரையின் மறுபாதியில் பஞ்சவர்ணத்தின் முகம், சுற்றிச் சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி. எங்கள் ஆபீஸிலிருந்து போன அதே படம். கீழே எழுதியிருப்பதைப் பெண்பிள்ளை படிக்க முடியாது. அதில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் எழுதியிருக்கிறார். வாரம் தவறாமல் பூசையில் நன்மை வாங்குகிற மனுஷன்.

"காசு குடுத்தா என்ன வேணா பேசுவாளுக" என்றாள் அண்ணி. இன்னும் கொஞ்சம் கறி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

ஜூன் 14, சனி

சிலிண்டர் வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனேன். போக வேண்டாம் என்றார் ஞானம். போகாவிட்டால் நான் மனுஷியா? ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி. ஏன் ஆப்பிள் வாங்கினேன் என்று தெருமுனையிலேயே வெட்கமாகிவிட்டது.

தங்கவேல் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவரையும் வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"பேப்பர்க்காரம்மாவா? வாங்க. உங்களுக்கு நல்லா ஓடிருச்சாமுல்ல?"

"தம்பி, நடந்தது தப்பு. எங்க ஆபீஸ்ல ஒருத்தர்..."

"ஒருத்தரு?"

ஆப்பிள் பையைக் கீழே வைத்தேன். பஞ்சவர்ணம் உள்ளேயிருந்து வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள், நான் கேட்காமலே.

"வேற மில்லுக்குப் போய்ப் பாத்தேன்க்கா. கேட்டுலயே வாட்ச்மேன் போன எடுத்துப் பாக்குறான். எல்லா மில்லு ஆபீஸ்காரகளுக்கும் ஒரே குரூப்பாம். அதுல என் படத்தப் போட்டுருக்காகளாம். எங்கிட்டுப் போனாலும் எனக்கு முன்னாடி என் மொகம் போயி நிக்குது."

அடியே, அழுதாவது தொலையேன் என்று இருந்தது எனக்கு. அவள் அழவில்லை. "அந்த வார்த்த எப்பக்கா போடுவீக? நீங்க போட்டாத்தான் இவுக நம்புவாரு. நான் சொல்லி நம்ப மாட்டேங்குறாரு" என்று மட்டும் கேட்டாள். தங்கவேலும் பீடியை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அங்கேயே அப்போதே சொல்லியிருக்கலாம். தம்பி, உங்கள் சம்சாரம் முகத்தை மறைக்கச் சொல்லி என்னிடம் கெஞ்சினாள், சாப்பாட்டு நேரத்தில் அவசரப்பட்டு எடுத்துப் போட்டது இன்னார் என்று. அதற்கு எந்த ஓனரின் அனுமதியும் வேண்டாம். ஆபீஸில் பேசிக்கொண்டிருக்கிறோம், சீக்கிரம் வரும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூன் 21, சனி

மில்லிலிருந்து வக்கீல் நோட்டீஸ். கூடவே எச்.ஆர். நேரில் வந்து ஓனர் அறையில் காபி குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு ராஜரத்தினம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"வீடியோவ எடுத்துரலாம் மேடம். ஒரு வருத்தம் தெரிவிச்சுப் போட்டா நோட்டீஸ வாபஸ் வாங்கிக்கிறாங்க. அவங்க வெள்ளிவிழா ஃபிளெக்ஸ் வேலையும் நம்ம கடைக்குத்தான்."

"அந்தம்மா சொன்னது உண்மை சார்."

"உண்மைதான். நான் இல்லேங்கலையே! ஆஸ்பத்திரி எழுத்துல பைக்னு இருக்கு. அப்பன் பைக்குங்குறான். வேன் ஓட்டுனவன் வாயத் தொறக்கல. அந்தப் புள்ள பேசல. யாரை வச்சு நிரூபிக்கிறது, சொல்லுங்க?"

ஒழுங்காக நாலு நாள் அலைந்து, ஆஸ்பத்திரியில் விசாரித்து, அந்தப் பிள்ளையையும் பார்த்து, அதன் பிறகு போட்டிருந்தால் கையில் ஏதாவது இருந்திருக்கும். என்னிடம் இருந்தது ஒரு அழுகிற முகம் மட்டும்தான்.

"நீங்கதான் எழுதணும். பேப்பர்ல இருந்தவங்க, பதமா எழுதுவீங்க" என்றார்.

மாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலையை விடப் போகிறேன் என்று ஞானத்திடம் கத்தினேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "விடு. விட்டுட்டு எங்க போவ?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

'கடந்த 5ஆம் தேதி நமது தளத்தில் வெளியான மில் விபத்து குறித்த காணொளியில் ஒரு பெண் தெரிவித்த தகவல்கள் உறுதிப்படுத்தப்படாதவை எனத் தெரியவந்துள்ளது. அக்காணொளி நீக்கப்பட்டது. இதனால் நிர்வாகத்துக்கு ஏற்பட்ட மனஉளைச்சலுக்கு வருந்துகிறோம்.'

பொய் என்று எங்குமே எழுதவில்லை. உறுதிப்படுத்தப்படாதவை. ஒரு எழுத்தைக்கூட யாரும் குறை சொல்ல முடியாது. ராஜரத்தினம் சார் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுக்குத்தான் பழைய ஆளுங்க வேணுங்குறது" என்றார். பத்திரிகையில் ஒரு திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரோடு மல்லுக்கட்டியவள் நான். சாவு செய்தியில் வயசு தப்பாகப் போய்விட்டது, அந்த வீட்டில் மனசு கஷ்டப்படும் என்று மூன்று நாள் பின்னாலேயே திரிந்தேன். அந்த மேரியை யாராவது பார்த்தீர்களா?

கார்டு போன கொஞ்ச நேரத்தில் எல்லா குரூப்பிலும் வந்துவிட்டது. மில் எச்.ஆர். கைதட்டுகிற பொம்மை போட்டிருக்கிறார்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் பஞ்சவர்ணத்திடமிருந்து வாய்ஸ் மெசேஜ். தோசை வார்த்துக்கொண்டே கேட்டேன், பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

"மேரிக்கா, பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுக் காட்டுச்சு. எனக்கு வெளங்கல. உறுதிப்படுத்தப்படாதவைன்னா நான் பொய் சொன்னேன்னுதான அர்த்தம்? இவுக அப்படித்தான் சொல்றாரு. நீங்க என்னமோ வேற மாதிரி போடுறேன்னு சொன்னீகளே, அது இனிமே வருமாக்கா? வராட்டிப் பரவாயில்ல. நான் எங்க சித்தி வீட்டுக்குத் திருப்பூருக்குப் போறேன். தனியாத்தான் போறேன். இவுக வரல."

பதில் அடிக்க உட்கார்ந்தேன். அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். கடைசியில் கும்பிடுகிற பொம்மை ஒன்றை அனுப்பினேன். அனுப்பிய பிறகு என் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். லோன்காரன் என்று நினைத்து எடுத்தேன்.

"அக்கா, நான் அபிநயா பேசுறேன். மில்லு அபிநயா."

ஆபீஸில் எல்லாரும் இருந்தார்கள். எழுந்து படிக்கட்டுக்குப் போனேன்.

"பஞ்சவர்ணக்கா ஊரை விட்டே போயிட்டாகளாமே. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். என் போன அப்பா வாங்கி வச்சிருந்தாரு. இது என் பிரெண்டு போனு. அக்கா, அவுக பொய் சொல்லல. மெஷின்லதான் என் கை மாட்டுச்சு. நான் பேசுறேன். மொகத்தையெல்லாம் மறைக்க வேணாம். கையையும் காட்டுறேன். பேரு போட்டே பேசுறேன். நீங்க எடுத்துப் போடுறீகளா?"

எத்தனை தெளிவாகப் பேசுகிறது அந்தப் பிள்ளை! ஒரு நடுக்கம் இல்லை. ஒரு மாதமாக நாங்கள் யாரும் தேடாத சாட்சி தானாக வந்து என் காதில் நிற்கிறது. இதைப் போட்டால் பஞ்சவர்ணம் சொன்னது உறுதியாகிவிடும். மில் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் எழுதிய கார்டை நாங்களே கிழித்துப் போட வேண்டும். அப்போது முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் கிளறுவார்கள். யார் எடுத்தது, யார் போட்டது, சுந்தரவேலு சாப்பிடப் போன அந்த மதியம் கம்ப்யூட்டர் முன்னால் யார் உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிக் கதவு வழியாக ராஜரத்தினம் சார் தெரிந்தார். வெள்ளிவிழா ஃபிளெக்ஸ் மாடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டேன்.

"பத்தொன்பது முடிஞ்சுருச்சுக்கா."

"அப்ப அப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணுமேம்மா. அவரு சம்மதிச்சு எழுதிக் குடுத்தாத்தான் நாங்க பேட்டி எடுக்க முடியும். அது எங்க தொழில்ல ஒரு முறை. அதை மீறக் கூடாது."

பதினெட்டு முடிந்தவளுக்கு எவன் கையெழுத்தும் தேவையில்லை. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை.

"முறைன்னா சரிக்கா. அப்பாகிட்டயே கேட்டுப் பாக்குறேன். கேட்டுட்டுக் கூப்பிடுறேன்" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "நீங்க பேப்பர்லயெல்லாம் இருந்தவுகன்னு பஞ்சவர்ணக்கா சொல்லுவாக. அதான் உங்களுக்குப் போட்டேன்."

சந்தோஷம்மா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பிள்ளையின் நல்லதுக்குத்தான் சொன்னேன். முகத்தைக் காட்டிப் பேசினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்றே. ஞானத்திடம் சொன்னபோது அவரும் அதேதான் சொன்னார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

அபிநயா கூப்பிடவில்லை. நானாக அந்த நம்பருக்கு அடித்தேன். அவளுடைய தோழி எடுத்தாள். "அவ அப்பா அவளத் தேனிப் பக்கம் அத்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாருக்கா. எங்கூடயும் பேசக் கூடாதுன்னுட்டாரு. யாரோ அப்பாகிட்ட கையெழுத்துக் கேக்கச் சொன்னாகளாம். அவ போயிக் கேட்டாளாம்" என்றாள்.

கேட்டால் இதுதான் நடக்கும் என்று தெரிந்துதான் கேட்கச் சொன்னேன்.